போருக்கு நடுவே காலுறை உலர்த்தியவன்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்தது. படையில் எல்லோருக்கும் அவர் புகை. நரை விழுந்த பிறகு, மரியாதை கருதி, புகையார்.

சிகரெட்டால் வந்த பெயரல்ல. அவருக்குக் கால் வரைய வராது. மனிதக் கால், குதிரைக் கால் இரண்டுமே வராது. முகம் நன்றாக வரைவார். மூக்கு நுனியில் வியர்வை பளபளப்பதுவரை வரைவார். துப்பாக்கியும் பொத்தானும் பதக்கமும் கடையில் வாங்கி ஒட்டியவை போலிருக்கும். முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் தூரிகை தயங்கும். இந்தக் குறைக்குப் போர்க்களத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. அங்கே எங்கு வேண்டுமானாலும் புகை எழலாம். ஏன் எழுந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே அவருடைய படங்களில் படைகள் முழங்கால்வரை புகையில் நின்று போரிட்டன, குதிரைகள் மேகத்தில் மிதந்தன. போரின் நிச்சயமின்மையை இவ்வளவு நுட்பமாகப் புகையால் உணர்த்தியவர் வேறு யாருமில்லை என்று பத்திரிகையில் ஒருவர் எழுதினார். புகையார் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குக் கால் வரைய வராதுன்னு இவ்வளவு அழகா யாரும் சொன்னதில்லீங்க."

படைக்கு வருமுன் புகையார் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். கடைவீதியில் பாதிப் பலகைகள் அவர் கைப்பட எழுதியவை. ஒருமுறை ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு ஒரு பெரிய பலகை வேண்டுமென்று கேட்டார்கள். நெஞ்சை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, தூரத்தில் எதையோ பார்த்தபடி ஒரு சிப்பாயை வரைந்து கொடுத்தார். முழங்காலுக்குக் கீழே வழக்கம்போல. பலகையை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கி, எதிர் நடைபாதையில் நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க அந்த ஆளை அவருக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்குப் போகும் வழியில் சாலையைக் கடந்து உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். தான் எழுதிய விளம்பரத்தில் தானே விழுந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டாவது ஆள் அவர் மனைவியின் தம்பி. தையல்கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவன். பலகையைப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "மாமா, அந்த போர்டுல இருக்கறவன் மாதிரி எனக்கும் மார்பு விரியுமா?"

"பெயிண்ட் இருந்தா எல்லாருக்கும் விரியும் மாப்ளே."

அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். இவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி இரண்டையும் மறக்கவில்லை.

படையில் முதல் சில வருடங்கள் கலைக்கு அவ்வளவாகத் தேவை ஏற்படவில்லை. வண்டிகளில் எண் எழுதினார். கழிவறைச் சுவரில், குழாயை மூடவும் என்று எழுதினார். அந்த எழுத்து அவ்வளவு லட்சணமாக இருந்ததால் எல்லோரும் அதைப் படித்துக்கொண்டே குழாயைத் திறந்துவைத்துவிட்டுப் போனார்கள். பிறகு போர் வந்தது. பெரிய பெரிய படைகளிலெல்லாம் சண்டையை நேரில் பார்த்து வரைய ஓவியர் இருப்பார்கள் என்று தளபதி எங்கோ கேள்விப்பட்டார். நம்மிடம் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். கழிவறையில் எழுதியவர் இருந்தார்.

மடக்கு நாற்காலி, பென்சில் பெட்டி, வரைதாள் சகிதம் புகையார் போர்முனைக்குப் போனார். பாய்ச்சலும் வாள்வீச்சும் காணக் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, போர் என்பது பெரும்பாலும் வரிசையில் நிற்பது என்று தெரிந்தது. சாப்பாட்டுக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை, காலைக்கடனுக்கு வரிசை. மீதி நேரம் தூக்கம். வாயைத் திறந்தபடி, தலைக்கவசத்தைத் தலையணையாக வைத்து, ஒருவன் வயிற்றில் இன்னொருவன் காலைப் போட்டு உறங்கினார்கள். ஒருவன் சட்டைத் தையலில் பேன் பார்த்தான். ஒருவன் வீட்டுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் பென்சிலைக் கடித்தான். புகையார் அத்தனையும் வரைந்து, ஒரு கட்டாகக் கொண்டுபோய்த் தளபதியிடம் காட்டினார்.

தளபதி ஒவ்வொன்றாகத் திருப்பினார். "இதுல போர் எங்கய்யா?"

"இதுதாங்க சார் போர். காலையிலேர்ந்து இதுதான் நடக்குது."

"தூங்கறவனைக் காட்டி ஜனங்ககிட்ட வரி வாங்க முடியுமா?"

புகையார் அன்றே தொழிலைக் கற்றுக்கொண்டார். தூங்குபவனின் பக்கத்தில் உடைந்த துப்பாக்கி ஒன்றைப் போட்டால் அவன் வீரமரணம் அடைந்துவிடுவான். குறட்டை படத்தில் கேட்காது. அவருக்கு வசமாக மாட்டிய சமையல்காரர் ஒருவர் படுத்த இடத்தில் தூங்கும் வரம் பெற்றவர். வெவ்வேறு படங்களில் பலமுறை நாட்டுக்காக உயிர்துறந்தவர்.

"இன்னும் எத்தனை தடவ சாவடிப்பீங்க?" என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரி பத்திரிகையைப் பாத்துட்டு ஒவ்வொரு தடவையும் அழறா."

இனி அந்தக் குன்று. படையின் வரலாற்றில் மாபெரும் வெற்றி என்று பொறிக்கப்பட்ட குன்று. அதைப் பிடிக்க விடியலில் ஏறினார்கள். மேலே யாருமில்லை, எதிரிகள் முந்தைய நாளே கிளம்பிப் போயிருந்தார்கள். சூடாறிய அடுப்பும் ஒரு கிழிந்த பாயும் சரணடைந்தன. வெற்றிச் செய்தி தலைநகரத்துக்கு உடனே போனது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் பீரங்கியோடு நின்ற நம் ஆட்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர்களும் நம் படையின் வெற்றியைத் தாமாகவே தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மைத்துனன் ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். பல நாள் ஈரத்தில் கால் வெந்து வெளுத்திருந்தது. வெயில் பட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலுறைகளைப் பிழிந்து துப்பாக்கிக் குழலில் மாட்டி உலரவைத்தான். இரண்டு காலையும் சூரியனைப் பார்த்து நீட்டினான். புகையார் எதிரே நாற்காலியைப் போட்டு அவனை வரைய ஆரம்பித்தார்.

"மாமா, காலையும் போடு. புகைய விட்டு ஏமாத்தாத. முகத்தவிட இப்ப எனக்குக் கால்தான் முக்கியம்."

"போடறேன்டா."

"ஆமா, போட்டுக் கிழிச்ச. அந்த போர்டுல பாத்தேனே."

முகம் முடிந்தது. சட்டை முடிந்தது. முழங்கால் வந்தது. புகையார் பென்சிலைக் கீழே வைத்தார். "இரு, டீ வாங்கிட்டு வந்து கால ஆரம்பிக்கறேன்" என்று தாளை நாற்காலிமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் சமையல் வண்டியை எட்டியபோது நம் பீரங்கிக்காரர்கள், குன்றின்மேல் ஆள் நடமாட்டம் கண்டு, கடமையைச் செய்தார்கள். ஒரே குண்டு. குறி தவறாத குண்டு.

கால் வரைய வராதவர் பிழைத்தார். தாளும் நாற்காலியும்கூட மிஞ்சவில்லை.

அரசாங்கம் வீட்டுக்கு எழுதியது: எதிரிகளை நோக்கிப் பாய்ந்து சென்றபோது வீழ்ந்தார். புகையார் மனைவியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். அவர் முழுவதும் கேட்டார். அழுது முடித்த பிறகு வீட்டில் இருந்த ஒரே புகைப்படத்தை எடுத்துப் பார்த்தார். படையில் சேர்ந்தபோது எடுத்தது. தொப்பி பெரிது, மோவாய் இறுகி, கண் முறைத்து, யாரோ போலிருந்தான்.

"இது என் தம்பி இல்ல. இது தொப்பி" என்றார். "நீங்க பெரிய படம் ஒண்ணு போடப் போறீங்கல்ல, அதுல அவனைப் போடுங்க. அவன் உக்காந்திருந்த மாதிரியே. காலோட. அத ஒருதரம் நான் பாக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

பெரிய படம் அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்துக்கு. சுவர் அகலத்துக்குத் துணி கட்டியாயிற்று. பொருள், குன்றின் வெற்றி. படத்துக்கென்று படையில் ஒரு முறை இருந்தது. தளபதிக்கு முழு முகம். அவருக்கு அடுத்தவர்களுக்கு முக்கால் முகம். அதற்கும் கீழே உள்ள அதிகாரிகளுக்குப் பக்கவாட்டு முகம். சிப்பாய்களுக்குப் பின்மண்டை. பதவி உயர்வு வந்தால் மூக்கு திரும்பும். வேலை நடந்த மாதங்களில் ஒவ்வொரு அதிகாரியும் தனித்தனியாக வந்து, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்ப முடியுமா?" என்று காதோடு கேட்டுவிட்டுப் போனார்.

தளபதிக்குக் குதிரை வேண்டும். அவருடைய படையில் குதிரையே கிடையாது; அவர் குன்றுக்கு வந்ததும் எல்லாம் அடங்கிய பிறகு, ஜீப்பில். அதனால் என்ன, சரக்கு இழுக்கும் வண்டிக் குதிரை ஒன்று வாடகைக்கு வந்தது. அது முற்றத்தில் நின்று சாணம் போட்டது, படத்தில் முன்காலைத் தூக்கிக்கொண்டு எதிரிகளை மிதித்தது. தூக்கிய கால் எங்கே இருக்கிறதென்று கேட்கவேண்டாம், புகை.

படத்தின் நடுவில், குதிரைக்கு நேர் முன்னால், புகையார் ஒரு பாறையை வரைந்தார். பாறையில் மைத்துனனை உட்கார வைத்தார். முழு முகம். துப்பாக்கிக் குழலில் இரண்டு காலுறைகள். பிறகு தன் பூட்ஸைக் கழற்றி, ஒரு கண்ணாடியைத் தரையில் சாய்த்து, தன் காலையே பார்த்துப் பார்த்துக் கால் வரைந்தார். போடுவார், துடைப்பார், மறுபடி போடுவார். தளபதியின் குதிரை மொத்தமும் முடிந்த நேரத்தைவிட அந்த இரண்டு பாதங்களுக்கு அதிக நாள் பிடித்தது. யார் வந்தாலும் அந்த இடத்தில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, "இன்னும் காயல" என்பார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் தளபதி வந்து துணியைத் தூக்கினார்.

"யாருய்யா இது நடுவுல?"

"சிப்பாய் சார். குன்றுல இறந்த ஒரே ஆள்."

"சிப்பாய்க்கு எதுக்கு முழு முகம்? ஒரு படத்துக்கு எத்தனை முழு முகம்? நான் வாளத் தூக்கிட்டுப் பாஞ்சு வர்றேன், இவன் சாக்ஸ் காயப்போடறான். பாக்கறவன் என்ன நெனப்பான்? நான் இவனைத் தொரத்திட்டு வர்றேன்னுதான் நெனப்பான்."

உண்மையில் அப்படித்தான் தெரிந்தது.

"சார், என் மனைவியோட தம்பி சார்."

தளபதி கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "வருத்தமான விஷயம்தான். ஆனா நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. உன் பேருக்குத் தகுந்த வேலையப் பண்ணு."

புகையார் பண்டகசாலைக்குப் போய் வெள்ளை வண்ணம் கேட்டார்.

"வெள்ளையா? எல்லாம் வாசல் கல்லுக்குப் போயிடுச்சே" என்றார் பண்டகசாலைக்காரர். "ரெண்டு பக்கமும் கல்லு வெள்ளையா இருக்கணும்னு உத்தரவு. நட்டு வெச்ச மரத்துக்கும் இடுப்பு வரைக்கும் அடிச்சாச்சு. டப்பா அடியில கொஞ்சம் ஒட்டிட்டிருக்கு, வழிச்சுக்கங்க."

வழித்ததில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி நீர்க்க அடித்து, புகையார் மைத்துனன்மேல் புகை போட்டார். முதலில் கால். பிறகு காலுறை. கடைசியில் முகம். பெயர்ப்பலகைக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: பழைய எழுத்தைச் சுரண்டாமல் மேலே மெல்லிசாக அடித்தால், சில வருடங்களில் பழைய கடையின் பெயர் புதிய கடையின் பெயருக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும். அது நினைவிருந்துதான் சுரண்டவில்லை என்று பிற்காலத்தில் அவர் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவர் நினைத்ததெல்லாம், விடிவதற்குள் இது காயுமா என்பதுதான்.

வீட்டில் மனைவி வாசலிலேயே கேட்டார். "போட்டீங்களா?"

"விடல."

"விடலன்னா? போட்டு அழிச்சுட்டாங்களா, போடவே இல்லையா?"

யார் அழித்தது என்ற அடுத்த கேள்வி வந்துவிடும். "போடவே இல்ல" என்றார் புகையார்.

சிப்பாய்களின் மனைவிகளை அந்தக் கூடத்துக்குள் விடுவதில்லை. ஆகவே பொய் பத்திரமாக இருந்தது. அவரும்தான். பணிக்காலம் முடிந்து, கடைவீதிக்குத் திரும்பி, மறுபடி பெயர்ப்பலகை எழுத உட்கார்ந்தார். ஒரு நாள் செருப்புக்கடைக்கான பலகையில் திண்டாடிக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"செருப்புக் கடைக்காரருக்குன்னா கால் வருது."

"இது செருப்புதான். கால் இல்ல."

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இருபது வருடத்தில் இது போன்ற பேச்சு எத்தனையோ. ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம்தான்; இரண்டாவது வாக்கியம் தேவைப்படாத வாக்கியங்கள். கூடவே இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. மனைவிக்குத் தம்பியின் முகம் மறக்க ஆரம்பித்திருந்தது. கண்ணை மூடினால் தொப்பிதான் வருகிறது என்று ஒருமுறை சொன்னார். அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை. புகையாருக்குக் கிண்டலே தேவலை என்று தோன்றியது.

ஒரு நாள் கடைமுன் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மெஸ்காரர்.

"ஐயா, உங்க படத்துல ஒரு ஆள் வந்துட்டான்."

"எந்தப் படத்துல?"

"போர்ப் படத்துல. ரொம்ப நாளா வந்துட்டே இருக்கான். மொதல்ல மூக்கு வந்துச்சு. யாரோ குழம்பு தெறிச்சுட்டாங்கன்னு தொடச்சுப் பாத்தோம். அப்பறம் கண்ணு வந்துச்சு. இப்ப சாக்ஸ் வரைக்கும் வந்துட்டான். தட்டு எடுத்துட்டுப் போற பசங்க அவனுக்குத்தான் மொதல் வணக்கம் வெக்கிறாங்க. அடுத்த வாரம் மந்திரி வர்றாரு. தளபதி உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாரு, மறுபடி புகை போட."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி வெளியே வந்தார். "சாக்ஸா?"

"ஏதோ கறையா இருக்கும்" என்றார் புகையார்.

"கறைக்கு யாராவது வணக்கம் வெப்பாங்களா? நானும் வரேன்."

"அங்க பொம்பளைங்கள விட மாட்டாங்க."

"ஏணி யாரு பிடிப்பா? உங்க கை நடுங்குற நடுக்கத்துக்கு மந்திரி மேலயே விழுவீங்க."

மெஸ்காரர் ஏணி பிடிப்பவரைத் தடுக்கச் சட்டமில்லை என்றார்.

கூடத்தில் நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, அதற்குமேல் சுவர் முழுவதும் போர். பின்மண்டைகள், பக்கவாட்டு மூக்குகள், வாளோடு குதிரைத் தளபதி. நடுவில் மட்டும் புகை தேய்ந்துபோய், பாறையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் இவ்வளவு அமளி நடப்பது தனக்குத் தெரியவே தெரியாதவனைப் போலச் சூரியனைப் பார்த்துக் காலை நீட்டியிருந்தான்.

மனைவி ஏணியைப் பிடிக்கவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அதிகாரிகள் உட்காரும் நாற்காலி என்று கூடப் பார்க்காமல், உட்கார்ந்துவிட்டார்.

"போடவே இல்லன்னீங்க."

"போட்டேன்."

"அழிச்சது யாரு?"

"நான்தான்."

அவர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். மறுபடி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபது வருடத்தில் முதல்முறையாக ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

புதிய தளபதி வந்தார். வேலை அவசரம், அமைச்சர் வருகிறார், இந்த ஆளை மூடவேண்டும் என்று சுருக்கமாகச் சொன்னார். வெள்ளை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது என்றார். புகையார் தூரிகையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

மனைவி எழுந்து நின்றார். "ஐயா, ஒண்ணு கேக்கலாமா? குதிரை மேல இருக்கறது நீங்களா?"

"இல்லம்மா. அது அப்போதைய தளபதி."

"அப்படியா. நீங்களும் அந்தக் குன்றுல இருந்தீங்களா?"

"இருந்தேன். அப்ப நான் சின்ன அதிகாரி." ஓரத்தில் மூக்கு நுனி மட்டும் தெரிந்த ஒரு பக்கவாட்டு முகத்தைச் சுட்டினார். "அதுதான் நான்."

மனைவி கிட்டே போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அடப் பாவமே. காது கூட முழுசா இல்லையே. அவரும் உங்ககூடத்தான் ஏறினாரா, குதிரையோட?"

புதிய தளபதி குதிரைத் தளபதியைப் பார்த்தார். இவருடைய கல்யாணத்துக்கு விடுப்பு மறுத்த முகம் அது. ஓய்வு பெற்ற பிறகும் படையை எப்படி நடத்தவேண்டும் என்று பத்திரிகைகளில் இவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கும் முகம். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் இவர் தினமும் சூப் குடிக்கிறார்.

"தினமும் சாப்பிடுற எடம்" என்றார் மனைவி, மேசை விரிப்பை நீவிவிட்டுக்கொண்டே. "தலைக்கு மேல வாள ஓங்கிட்டு ஒருத்தர். சோறு எறங்குமாய்யா?"

புதிய தளபதி தொண்டையைச் செருமினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு முறை நடந்தார். பிறகு புகையாரிடம் சொன்னார்: "யோசிச்சுப் பாத்தா, இப்ப அரசாங்கமே சாதாரணச் சிப்பாய்க்குத்தான் முக்கியத்துவம் குடுக்குது. மந்திரி போன வாரம்கூட அதத்தான் பேசினாரு. இந்தச் சிப்பாய் இருக்கட்டும். எளிமையா, நல்லா இருக்கான். புகை வேணும்னா..." வாளின் பக்கம் மோவாயை நீட்டினார். "அந்தப் பக்கம் போடுங்க. கொஞ்சம் தாராளமா."

படையில் எத்தனையோ வீரச்செயல்கள் நடந்ததாகப் புகையார் வரைந்திருக்கிறார். ஒன்றை நேரில் பார்த்தது அன்றுதான்.

இந்த முறை வெள்ளைக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல், கெட்டியாக, குதிரை, வாள், முழு முகம் எல்லாவற்றையும் அவர் மூடினார். மனைவி ஏணியைப் பிடித்தபடி நின்றார். அவர் பார்வை ஏணியில் இல்லை. வேலை முடிந்து புகையார் இறங்கியபோது மனைவி படத்துக்கு மிகக் கிட்டே குனிந்து, விரல் நீட்டி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"ம்."

"எடது கால்ல ஆறு வெரல் இருக்கு."

புகையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருந்தது. துடைத்துத் துடைத்துப் போட்டதில் ஒன்று தங்கிவிட்டிருக்கிறது.

"கொஞ்சம் வெள்ளை மீந்திருக்கு" என்றார் தயங்கி. "அந்த ஒரு வெரலுக்கு மட்டும் லேசா புகை..."

"கைய ஒடச்சுடுவேன்" என்றார் மனைவி, தூரிகையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு.